ஒன்றையும் மாற்றவில்லை, பிறகு ஏன் ஓடவில்லை?

கைபேசியில் சிஸ்டம் அப்டேட் முடிந்த மறுநாள், பல வருடமாகப் பயன்படுத்தி வந்த ஒரு ஆப் திறக்க மறுக்கிறது. அந்த ஆப்பை யாரும் தொடவில்லை. முந்தின நாள் வரை ஒழுங்காகத்தான் இருந்தது. தொடாத ஒன்று எப்படிக் கெட்டுப்போகும் என்று அலுத்துக்கொள்ளாதவர் யார்?

இதே கேள்வி அறிவியல் உலகில் மிகப் பெரிய அளவில் எழுகிறது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் அது எங்கே கரையைக் கடக்கும் என்று பார்க்க இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் கணிப்பு மாதிரிகளில் ஒன்று டபிள்யூ.ஆர்.எஃப். அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது. அதன் பெரும்பகுதி ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. கடலியல், அணுக்கரு இணைவு, மூலக்கூறு வேதியியல் என்று பல துறைகளில் இத்தகைய நிரல்கள் உண்டு. ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை ஓட்டுகிறது.

2020 மே மாதம் ஜி.சி.சி. 10 என்ற இலவசக் கம்பைலர் தொகுப்பு வெளியானது. அதிலுள்ள ஃபோர்ட்ரான் கம்பைலரின் பெயர் ஜிஃபோர்ட்ரான். முந்தைய பதிப்பு வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்ட பழைய நிரல்களைப் புதிய பதிப்பிடம் கொடுத்தபோது திரை முழுக்கப் பிழைச் செய்திகள். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. அந்தச் செய்திகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய்ப் பார்ப்போம்.

ஒரு நேரத்தில் ஒரு கோப்பு

ஃபோர்ட்ரானை 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்டது. மனிதர் எழுதும் சூத்திரத்தை எந்திரக் கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். பாடநூல்கள் தொகுப்பி என்கின்றன. மறு ஆண்டே வந்த ஃபோர்ட்ரான் 2, நிரலைத் துணைநிரல்களாகப் பிரித்துத் தனித்தனியாகக் கம்பைல் செய்ய வழி செய்தது. பெரிய வசதி. ஒரு வரியைத் திருத்தினால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரு கோப்பைப் படிக்கும்போது மற்றக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாமல் போனது. நீங்கள் ஒரு துணைநிரலை மூன்று மதிப்புகளுடன் அழைக்கிறீர்கள். அது உண்மையில் மூன்றுதான் கேட்கிறதா, முழு எண் கேட்கிறதா, தசம எண் கேட்கிறதா? சரிபார்க்க வழியில்லை. எழுதியவர் சொன்னதை அப்படியே நம்பிக் கட்டளையாக்கிவிடும். கடைசியில் இணைப்பி என்ற வேறொரு மென்பொருள் எல்லாத் துண்டுகளையும் சேர்க்கும்போது பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். உள்ளே போகும் மதிப்புகள் பொருந்துகின்றனவா என்பதை இருவருமே பார்ப்பதில்லை. பல பத்தாண்டுகள் அறிவியல் கணக்குகள் இந்த நம்பிக்கையின் பேரில்தான் ஓடின.

எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே செய்தி

ஒரு புயலை ஒரே செயலியில் நுணுக்கமாகக் கணக்கிட்டால் புயல் கரையைக் கடந்த பிறகுதான் விடை வரும். எனவே கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரே நிரலின் நூற்றுக்கணக்கான பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள். இதுதான் இணைக் கணிப்பு. ஒவ்வொரு பிரதிக்கும் சொந்த நினைவகம் உண்டு. பக்கத்துப் பிரதியின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியாது. எல்லைக் கட்டங்களின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஒருவருக்கொருவர் செய்தியாக அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கான பொது விதிமுறையாக 1994-இல் வந்தது எம்.பி.ஐ.

எம்.பி.ஐ. என்பது தனி மொழியல்ல. அழைத்துப் பயன்படுத்த வேண்டிய துணைநிரல்களின் நூலகம். அதில் ஒன்று 'பிராட்காஸ்ட்'. ஒரு பிரதியிடம் இருப்பதை மற்ற எல்லாப் பிரதிகளுக்கும் பரப்பும். அதற்கு ஆறு மதிப்புகள் தர வேண்டும்: எந்த இடத்திலிருந்து எடுப்பது, எத்தனை, என்ன வகை, அனுப்புவது எந்தப் பிரதி, எந்தக் குழுவுக்கு, வேலை முடிந்ததா இல்லையா என்று குறித்துவைக்க ஒரு மாறி.

கூரியர் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. படிவத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பிராட்காஸ்ட்டும் அப்படித்தான். முதல் மதிப்பு அதற்கு வெறும் முகவரி. அங்கே இருப்பது என்ன என்பதை இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லும். எனவே ஒரே துணைநிரல் ஓரிடத்தில் முழு எண்ணையும் வேறோரிடத்தில் தசம எண்களையும் சுமக்கிறது.

ஃபோர்ட்ரானின் விதியோ வேறு. ஒரு துணைநிரலை எங்கிருந்து அழைத்தாலும் ஒரே வகை மதிப்புகளைத்தான் தர வேண்டும். எம்.பி.ஐ. பிறந்த நாளிலிருந்தே ஃபோர்ட்ரானில் இந்த விதியை மீறித்தான் இயங்கியது. எம்.பி.ஐ. ஆவணங்கள் இதை மறைக்கவுமில்லை. கம்பைலர் பார்க்காதவரை மீறல் யாரையும் உறுத்தவில்லை.

120-ஆம் வரியும் 134-ஆம் வரியும்

ஒரு சதுர உலோகத் தகட்டின் ஓரங்களைச் சூடாக்குகிறோம். உள்ளே வெப்பம் எப்படிப் பரவும்? தகட்டை ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்களாகப் பிரித்து, நான்கு பிரதிகளுக்குப் பங்கிட்டுக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே கோப்பில். 120-ஆம் வரியில் ஒரு பிராட்காஸ்ட்: எத்தனை காலப்படிகள் கணக்கிட வேண்டும் என்ற ஒற்றை முழு எண் எல்லாருக்கும் போகிறது. 134-ஆம் வரியில் இன்னொன்று: தொடக்க வெப்பநிலைகள், அதாவது பத்து லட்சம் தசம எண்கள் கொண்ட அணி போகிறது. இரண்டு வரிகளிலும் எண்ணிக்கை சரி, வகைக் குறிப்பு சரி.

ஜிஃபோர்ட்ரான் 9 இதை ஒன்றும் சொல்லாமல் ஏற்கிறது. ஜிஃபோர்ட்ரான் 10 இரண்டு வரிகளையும் திரையில் காட்டி, ஒன்றின் கீழ் (1) என்றும் மற்றதன் கீழ் (2) என்றும் குறியிடுகிறது. பிறகு இப்படிச் சொல்கிறது: (1)-இல் தரப்பட்ட மதிப்பும் (2)-இல் தரப்பட்ட மதிப்பும் வகையில் பொருந்தவில்லை. அடைப்புக்குறிக்குள் 'ரியல் 4, இன்டிஜர் 4'. நான்கு பைட் தசம எண் ஒரு பக்கம், நான்கு பைட் முழு எண் மறுபக்கம் என்று பொருள். சில நேரம் வகைக்குப் பதிலாக, ஒன்று தனி எண், மற்றது அணி என்ற குறையும் வரும்.

இதைப் படிக்கும் புதியவர் 134-ஆம் வரியில் தப்பைத் தேடுவார். வகைக் குறிப்பை மாற்றிப் பார்ப்பார். வெப்பநிலையை முழு எண்ணாக்கிவிடலாமா என்றுகூட யோசிப்பார். அப்படி ஏதாவது செய்தால் சரியாக இருந்த நிரல் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். 120-ஆம் வரியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் 134 எந்தப் புகாருமின்றித் தேறுகிறது. 134-ஐ எடுத்தால் 120 தேறுகிறது. இரண்டையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்தாலும் தேறுகின்றன. ஒரே கோப்பில் இரண்டும் சேர்ந்து நிற்கும்போது மட்டும் புகார்.

கம்பைலரின் பக்கமிருந்து பார்த்தால் இது விளங்கும். பிராட்காஸ்ட்டைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அந்தத் துணைநிரல் நூலகத்தில் எங்கோ இருக்கிறது. 120-ஆம் வரியைப் பார்த்ததும், இது முதல் இடத்தில் முழு எண் வாங்கும் துணைநிரல் போலிருக்கிறது என்று ஊகித்து நினைவில் வைக்கிறது. 134-இல் தசம எண்களைக் கண்டதும் ஊகத்தோடு ஒப்பிட்டு மறுக்கிறது. இந்த ஒப்பீடுதான் 10-ஆம் பதிப்பில் புதிது. விதிமீறல் பல வருடமாக அங்கேயே இருந்தது.

முதல் கோணல்

ஒரு பெரிய கோப்பில் இதேபோல் அறுபது பிராட்காஸ்ட்கள் இருந்தால் பல பத்து செய்திகள் வந்து குவியும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. அறிவிப்பு வரியில் ஒரு மாறியின் பெயரைத் தவறாகத் தட்டினாலும் இதே நிலைதான்: அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் 'இதற்கு வகை சொல்லப்படவில்லை' என்ற புகார் எழும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே அப்படியே பலிக்கிறது. முதல் செய்தியை மட்டும் படித்து, அதைத் தீர்த்து, மறுபடி கம்பைல் செய்வதே அனுபவசாலிகளின் வழக்கம். முதல் பிழையிலேயே நிறுத்திக்கொள் என்று சொல்ல ஜிஃபோர்ட்ரானில் ஒரு சுவிட்ச்சும், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் ஒரு குறிப்பும், உண்டு.

'இம்ப்ளிசிட் நன்' என்ற வரியை நிரலின் தலையில் எழுதியிருந்தால்தான் 'வகை சொல்லப்படவில்லை' என்ற புகாரே வரும். எழுதாவிட்டால் ஃபோர்ட்ரானின் பழைய மரபுப்படி, ஆங்கில எழுத்து ஐ முதல் என் வரை எதில் தொடங்கும் பெயரும் முழு எண், மற்றவை தசம எண். தப்பாகத் தட்டிய பெயர் புதிய மாறியாகவே ஏற்கப்பட்டுவிடும். நூறு பிழைச் செய்திகளைவிட இந்த மௌனம் எனக்கு அச்சம் தருகிறது.

அடக்கும் சுவிட்ச்

இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் மருந்து 'அலவ் ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச்' என்ற சுவிட்ச். அதைச் சேர்த்தால் பிழை வெறும் எச்சரிக்கையாக இறங்கிவிடும். நிரல் கம்பைல் ஆகும். நம் தகடு நிரல் அதன் பிறகு சரியான விடையையும் தரும்.

அப்படியானால் கம்பைலர் வீணாகவா கத்தியது? இல்லை. ஜி.சி.சி. 10 வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பார்க்க வேண்டும்.

புள்ளியியலுக்கான ஆர் என்ற மொழி, அணிக் கணக்குகளுக்கு லாபேக் என்ற ஃபோர்ட்ரான் நூலகத்தை நம்பியிருக்கிறது. லாபேக் 1992-இல் வெளியானது. அதன் பல துணைநிரல்கள் மேல் முக்கோணமா, கீழ் முக்கோணமா என்பதுபோன்ற தேர்வை ஒற்றை எழுத்தாக வாங்கிக்கொள்ளும். ஃபோர்ட்ரானில் ஓர் எழுத்துச்சரத்தை அனுப்பினால், அதன் நீளத்தையும் ஒரு மறைமுக மதிப்பாகக் கடைசியில் கம்பைலரே சேர்த்து அனுப்பும். ஆனால் ஆர் மொழியின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அங்கிருந்து அழைத்தவர்கள் அந்த நீளத்தை அனுப்பவில்லை. எப்போதும் ஒரே எழுத்துதான், நீளத்தை யாரும் படிப்பதுமில்லை, விட்டால் என்ன? பல ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை.

2019-இல் ஜிஃபோர்ட்ரானின் புதிய பதிப்பு வேகத்துக்காக ஒரு காரியம் செய்தது. ஒரு துணைநிரல் தன் வேலையின் கடைசியில் இன்னொன்றை அழைத்தால், தனக்குத் தரப்பட்ட இடத்தையே அதற்கும் பயன்படுத்திக்கொண்டது. நீளத்துக்கான இடமும் அதில் அடக்கம். விதிப்படி அது துணைநிரலின் உரிமை. ஆனால் அழைத்தவர் அந்த இடத்தை ஒதுக்கவே இல்லையே! அங்கே அழைத்தவரின் வேறு ஏதோ தகவல் இருந்தது, அது அழிந்தது. நிரல்கள் விழுந்தன. ஜி.சி.சி. குழு தற்காலிக மாற்று ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தது. ஆர் தன் அழைப்புகளில் நீளத்தை அனுப்பத் தொடங்கியது.

என் முடிவு இது. வேறு யாரோ பராமரிக்கும் பழைய நிரலை இன்றைக்கே ஓட்டியாக வேண்டும் என்றால் அந்தச் சுவிட்ச்சைப் போடலாம், அதுவும் புகார் வந்த கோப்புகளுக்கு மட்டும். உங்கள் சொந்த நிரலில் அதை நிரந்தரமாக வைப்பது தவறு. உண்மையான வகைப் பிழை வந்தாலும் எச்சரிக்கைக் குவியலில் அது தொலைந்துபோகும்.

கம்பைலருக்குக் கண் கொடுத்தல்

நிலையான தீர்வு, பிராட்காஸ்ட் எப்படிப்பட்டது என்று கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. ஃபோர்ட்ரான் 90 தந்த மாட்யூல் அதற்குத்தான். ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்தால், அதிலுள்ள துணைநிரல்கள் எத்தனை மதிப்புகளை, எந்த வகையில் வாங்கும் என்ற விவரம் 'மாட்' என்று முடியும் ஒரு தனிக் கோப்பில் பதிவாகும். மற்றவர்கள் 'யூஸ்' என்று எழுதி அதைப் படித்துக்கொள்ளலாம்.

பழைய எம்.பி.ஐ. நிரல்கள் 'எம்பிஐஎஃப்.ஹெச்' என்ற கோப்பை உள்ளே ஒட்டிக்கொள்ளும். துணைநிரல்கள் எதை வாங்கும் என்ற விவரம் பொதுவாக அதில் கிடையாது. நம் தகடு நிரலில் அந்த வரியை நீக்கி 'யூஸ் எம்பிஐ' என்று எழுதுகிறோம். பிராட்காஸ்ட்டின் முதல் இடத்தில் எந்த வகையும் வரலாம் என்ற விவரம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இந்த 'எந்த வகையும்' என்பதை ஃபோர்ட்ரானிலேயே முறையாகச் சொல்லும் வழி 2018 தரத்தில் சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் புதிய மாட்யூலை எம்.பி.ஐ. 3.0 பதிப்பு 2012-இலேயே அறிமுகப்படுத்திவிட்டது. பழைய ஹெச் கோப்பைக் கைவிடுமாறு 2023-இல் வந்த 4.1 பதிப்பு சொல்கிறது.

மாற்றிக் கம்பைல் செய்கிறோம். உடனே வேறொரு செய்தி: எம்.பி.ஐ.யின் மாட் கோப்பைப் படிக்க முடியவில்லை, அது ஜிஃபோர்ட்ரானின் வேறு பதிப்பால் உருவாக்கப்பட்டது. மாட் கோப்பின் அமைப்புக்குப் பொதுத் தரம் எதுவுமில்லை. ஒவ்வொரு கம்பைலருக்கும் தனி அமைப்பு. சில சமயம் பதிப்புக்குப் பதிப்பும் மாறும். கணினியில் கம்பைலரைப் புதுப்பித்தவர் எம்.பி.ஐ. நூலகத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். நிரலைத் தொட்டுப் பயனில்லை. அதே கம்பைலரால் கட்டிய எம்.பி.ஐ. வேண்டும்.

அதையும் சரிசெய்தால் 120, 134 இரண்டும் தேறுகின்றன. ஆனால் இதுவரை யாரும் குறை சொல்லாத 210-ஆம் வரியில் ஒரு புதிய பிழை முளைக்கிறது. அங்கே இருப்பது 'பேரியர்'. எல்லாப் பிரதிகளும் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கச் செய்யும் துணைநிரல். அதற்குத் தர வேண்டியவை இரண்டு: குழு, முடிவைக் குறிக்கும் மாறி. எழுதியவர் இரண்டாவதை மறந்துவிட்டார். கோப்பில் ஒரே ஒரு பேரியர்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேறொன்று இல்லை.

ஹெச் கோப்பு இருந்த காலத்தில் இது கம்பைல் ஆனது. ஓடும்போது பேரியர் தன் முடிவை எழுத, தராத இரண்டாவது முகவரியைத் தேடும். அந்த இடத்தில் முந்தைய கணக்கின் மிச்சமாக ஏதோ ஒரு எண் கிடக்கும். அதையே முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே பூஜ்யம் எழுதும். அது தடைசெய்யப்பட்ட இடமானால் நிரல் அங்கேயே விழும். அது ஒரு கட்டத்தின் வெப்பநிலையாக இருந்துவிட்டால் அந்தக் கட்டம் காரணமின்றிப் பூஜ்யமாகும். யாருக்கும் தெரியாது. வகைப் பொருத்தமின்மை என்ற தொந்தரவைத் தீர்க்கப் போன இடத்தில் பிடிபட்டது இந்த அசல் பிழை. சில எம்.பி.ஐ. நூலகங்களில் 'கடைசி மதிப்பு விடுபட்டிருக்கிறது' என்று நேராகச் செய்தி வரும். சிலவற்றில் 'இந்த அழைப்புக்குப் பொருந்தும் துணைநிரல் எதுவும் இல்லை' என்று சுற்றி வளைத்து வரும். இரண்டாவதைக் கண்டால் மதிப்புகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியென்றால், முழு எண்களை எட்டு பைட்டாக்கும் சுவிட்ச் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் முறை சரியாகிவிடும் மாயம்

பல கோப்புகள் கொண்ட நிரலைக் கட்ட 'மேக்' என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். நேரத்தை மிச்சப்படுத்த எட்டுக் கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொல்லலாம். அப்போது 'கட்டங்கள் மாட்யூலின் மாட் கோப்பைக் காணவில்லை' என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடும். எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் எல்லாம் முடிந்துவிடும்!

காரணம் வரிசை. மாட்யூலைப் பயன்படுத்தும் கோப்பு, மாட்யூல் தயாராகும் முன்பே கம்பைலரிடம் போய்விட்டது. இரண்டாம் முறை ஓட்டும்போது மாட் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. மேக் கருவியை 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அப்போது மாட்யூல் என்ற கருத்தே ஃபோர்ட்ரானில் இல்லை. எது எதற்கு முன் வர வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு 'யூஸ்' வரிக்கும் ஒரு சார்பு வரியைச் சேர்க்க வேண்டும், அல்லது சார்புகளைத் தானே தேடும் சி-மேக் போன்ற கருவிக்கு மாற வேண்டும். எட்டுக் கம்பைலர்களின் செய்திகள் திரையில் கலந்து வரும் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் பிழையைத் தேடும்போது ஒற்றையாக ஓட்டுவதே நல்லது.

வாலில் ஒரு அடிக்கோடு

எல்லாக் கோப்புகளும் தேறி, இணைப்பியின் முறை வரும்போது இன்னொரு தடை: பிராட்காஸ்ட் என்ற பெயருக்கு வரையறை கிடைக்கவில்லை. பெயரின் கடைசியில் நாம் எழுதாத ஓர் அடிக்கோடு தொங்கும். அதைப் பார்த்துவிட்டு நிரலில் அடிக்கோட்டைத் தேடிக் களைத்தவர்கள் பலர். அது சி மொழிப் பெயர்களோடு மோதாமலிருக்க, யூனிக்ஸில் ஃபோர்ட்ரான் 77 கம்பைலரைப் பீட்டர் வைன்பர்கருடன் சேர்ந்து எழுதிய அதே ஃபெல்ட்மன் வைத்த வழக்கம். ஜிஃபோர்ட்ரான் இன்றும் அதைப் பின்பற்றுகிறது.

இந்தச் செய்தி வந்தால் பெரும்பாலும் நிரலில் தப்பில்லை. நூலகம் இணைக்கப்படவில்லை. கம்பைலரை நேரடியாக அழைக்காமல், எம்.பி.ஐ.யோடு வரும் 'எம்பிஐஃபோர்ட்' என்ற உறைக் கட்டளை வழியாக அழைத்தால் நூலகங்களை அதுவே சேர்த்துவிடும். அது உள்ளுக்குள் எந்தக் கம்பைலரை, எந்தப் பாதைகளோடு அழைக்கிறது என்று காட்டச் சொல்லலாம்: எம்.பி.ஐ.சி.ஹெச். என்ற நூலகமென்றால் 'ஷோ', ஓப்பன் எம்.பி.ஐ. என்ற நூலகமென்றால் 'ஷோமீ'. மேலே பார்த்த மாட் கோப்புச் சிக்கலுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பிழை என்று சொல்லாத பிழைகள்

ஒரே கணினியின் பல செயலிகளைப் பயன்படுத்த ஓப்பன்எம்பி என்ற முறையும் உண்டு. ஃபோர்ட்ரானுக்கான முதல் பதிப்பு 1997-இல் வந்தது. அதன் கட்டளைகள் ஃபோர்ட்ரானின் குறிப்புரை போலவே ஆச்சரியக்குறியில் தொடங்கும். அதற்கான சுவிட்ச்சைப் போட மறந்தாலோ, கட்டளையின் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள் இடம் மாறினாலோ, கம்பைலர் அதைக் குறிப்புரை என்று தாண்டிப் போய்விடும். விடை சரியாக வரும். பதினாறு செயலிகளில் பதினைந்து சும்மா இருக்கும்.

நம் தகடு நிரல் கம்பைல் ஆகி, இணைந்து, நான்கு பிரதிகளாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரதியும் தன் எண்ணை அச்சிட வேண்டும்: நான்கில் 0, நான்கில் 1, நான்கில் 2, நான்கில் 3. திரையில் வருவதோ 'ஒன்றில் 0' என்று நான்கு முறை. ஒரு எம்.பி.ஐ. நூலகத்தால் கட்டிய நிரலை வேறொரு எம்.பி.ஐ.யின் ஓட்டுக் கட்டளையால் தொடங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். நான்கு பிரதிகளும் தனித்தனியே முழுத் தகட்டையும் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். கட்டிய எம்.பி.ஐ.யின் பாதையையும் ஓட்டுகிற எம்.பி.ஐ.யின் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.